டார்வினின் மூன்று கரண்டிச் சேறு

ஒரு நூற்பகுதியின் திறனாய்வு

கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஏரி ஐப்பசி மழையில் நிரம்புகிறது. இரண்டு திங்களுக்குள் கரையோரம் கோரை எழுகிறது, ஆம்பல் இலை விரிக்கிறது, நத்தை ஊர்கிறது, மீன் துள்ளுகிறது. இவற்றை யாரும் கொண்டுவந்து விட்டதாகத் தெரியவில்லை. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே மேட்டு நிலம் கிடக்கிறது. அம்மேட்டில் ஆம்பல் வளராது, மீன் வாழாது. அப்படியாயின் இவை ஏரிக்கு ஏரி பரவியது எவ்வாறு?

நம் பள்ளிப் பாடங்கள் இதற்கு நான்கு சொற்களில் விடை கூறுகின்றன: காற்று, நீர், விலங்கு, வெடித்தல். எருக்கம் பஞ்சு காற்றில் பறக்கும். தேங்காய் நீரில் மிதக்கும். நாயுருவி வேட்டியில் ஒட்டும். ஆமணக்கு வெடித்துச் சிதறும். பட்டியல் சரியானதுதான். ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்த மாணவனிடம், 'இந்த ஏரிக்கு இந்த ஆம்பல் எப்படி வந்தது? மெய்ப்பித்துக் காட்டு' என்று கேட்டால் அவன் திகைப்பான். ஏனெனில் பட்டியல், வழிகளைச் சொல்கிறதே அன்றி, அவற்றை அறிந்த முறையைச் சொல்வதில்லை.

அந்த முறையைக் கற்பிக்கும் ஒரு பழைய நூற்பகுதி உண்டு. சார்லஸ் டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில், உயிர்களின் புவிப்பரவல் குறித்த இரண்டு அத்தியாயங்களே அவை. டார்வின் என்றதும் இயற்கைத் தேர்வும் குரங்கும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இவ்விரு அத்தியாயங்களைப் படித்தோர் குறைவு. நூலிலேயே வீட்டுச் சோதனைகள் மிகுதியாக உள்ள பகுதிகளில் இதுவும் ஒன்று.

அவற்றை இன்றைய அறிவு கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். மதிப்பிடும் களமாகப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். இங்கே மழையை நம்பிய ஏரிகளும் குட்டைகளும் நிறைய உண்டு. அதோடு, டார்வின் அந்த அத்தியாயங்களில் யாரோடு வழக்காடினாரோ, அவருக்கும் இந்த மண்ணுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது.

எதிர்வழக்காடியவர் யார்?

1840களில் கேய், கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் ஆகிய இடங்களில் கிடைத்த கல்லான கிளிஞ்சல்களையும் சுருள் ஓடுகளையும் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். அவற்றை ஆராய்ந்து 1846இல் விரிவான அறிக்கை வெளியிட்டவர் எட்வர்டு ஃபோர்ப்ஸ். இன்று அரியலூர்ப் படிமங்கள் என உலகம் அறிந்த செல்வத்திற்கு அறிவியல் ஏட்டில் முதன்முதலாக இடம் தந்தவர்களுள் அவர் ஒருவர்.

அதே ஆண்டில் ஃபோர்ப்ஸ் மற்றொரு கட்டுரையும் எழுதினார். பிரிட்டிஷ் தீவுகளின் செடிகளும் விலங்குகளும் அண்டை நாடுகளிலும் காணப்படுவது ஏன் என்பது அதன் பொருள். அவர் கூறிய விடை இது: முன்னொரு காலத்தில் அவற்றுக்கிடையே நிலம் இருந்தது, உயிர்கள் நடந்தும் பரவியும் வந்தன, பின்னர் அந்நிலம் கடலில் மூழ்கிவிட்டது. அட்லாண்டிக் தீவுகளுக்கும் இதே விளக்கத்தை அவர் நீட்டினார்.

டார்வினுக்கு இது பிடிக்கவில்லை. தீவில் ஒரு செடியைக் கண்டவுடன் ஒரு கண்டத்தை எழுப்பி, வேலை முடிந்ததும் அதை மூழ்கடிப்பது என்றால் அதற்கு எல்லையே இல்லை. அதற்கு முன் விதை தானாகவே கடலைக் கடக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டாமா? இதுதான் அவருடைய வழக்கின் சாரம். கேள்வியைச் சோதிக்கத்தக்க வடிவத்திற்குக் கொண்டுவந்ததே இவ்வத்தியாயங்களின் முதற்சிறப்பு.

சமையற்கட்டுக்கு எட்டும் சோதனைகள்

டார்வின் 87 வகை விதைகளை உப்புநீரில் போட்டு வைத்தார். 28 நாட்களுக்குப் பின் 64 வகைகள் முளைத்தன. சில 137 நாட்கள் ஊறியும் சாகவில்லை. ஆனால் உயிரோடு இருந்தால் மட்டும் போதுமா? மிதக்கவும் வேண்டுமே! பெரும்பாலான விதைகள் மூழ்கிவிட்டன. ஆகவே கனியோடு கூடிய 94 வகைச் செடிகளை உலர்த்தி மிதக்கவிட்டார். அவற்றுள் 18 வகைகள் 28 நாட்களுக்கு மேல் மிதந்தன. இரண்டையும் பெருக்கிப் பார்த்து, நூற்றுக்கு 14 வகைச் செடிகளின் விதைகள் 28 நாட்கள் மிதந்தும் முளைக்கும் என்று கணக்கிட்டார். அட்லாண்டிக் நீரோட்டத்தின் சராசரி விரைவு நாளொன்றுக்கு 33 மைல் என்று கொண்டால், அவை 924 மைல், அதாவது ஏறத்தாழ 1,490 கிலோமீட்டர் செல்லக்கூடும்.

அடுத்து நன்னீர். ஒரு சிறு குட்டையின் கரையோரத்தில், நீருக்கடியில், மூன்று இடங்களிலிருந்து மூன்று பெரிய கரண்டிச் சேறு எடுத்தார். உலர்ந்தபின் அதன் எடை ஆறேமுக்கால் அவுன்ஸ், ஏறக்குறைய 190 கிராம். அதைத் தம் படிப்பறையில் மூடி வைத்து ஆறு மாதம் கவனித்தார். முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடிகள்! இவ்வளவும் ஒரு காலைத் தேநீர்க் கோப்பையில் அடங்கும் சேற்றில்.

நத்தைகளுக்கு வேறு சோதனை. முட்டை பொரிந்துகொண்டிருந்த தொட்டியில் வாத்தின் காலைத் தொங்கவிட்டார். அப்போதுதான் வெளிவந்த மிக நுண்ணிய நத்தைக் குஞ்சுகள் அக்காலில் ஏறி ஒட்டிக்கொண்டன. ஈரக்காற்றில் 12 முதல் 20 மணி நேரம் வரை அவை உயிரோடு இருந்தன. அதற்குள் ஒரு வாத்து 600, 700 மைல் பறந்துவிடும்.

இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. உப்பு, புட்டி, கோப்பை, பொறுமை ஆகியவையே போதுமாயிருந்தன. தம் கணக்கின் ஓட்டையை மறைக்காத நேர்மையும் குறிப்பிடத்தக்கது. உப்பில் ஊறிய 87 வகைகளும் மிதந்த 94 வகைகளும் ஒரே செடிகள் அல்ல என்பதை அவரே எழுதிவிடுகிறார்.

சேறு உண்மையில் எதை மெய்ப்பிக்கிறது?

இனி குறைகளுக்கு வருவோம். 537 செடிகள் என்னும் எண்ணைப் படிப்பவர் வியந்து, 'ஆகவே பறவைகளின் காலில் ஒட்டி விதைகள் பரவுகின்றன' என்ற முடிவை எளிதில் ஏற்றுக்கொள்கிறார். சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்த விதைகள் பறவையின் காலிலிருந்தா எடுக்கப்பட்டன? இல்லை. குட்டையின் அடியிலிருந்து எடுக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி அக்குட்டையின் செடிகளே உதிர்த்தவையாக இருக்கலாம். அவை பயணம் செய்தவை அல்ல, காத்துக் கிடந்தவை.

எனவே அச்சோதனை உறுதியாகக் காட்டுவது, விதைகள் இடத்தைக் கடப்பதை அல்ல, காலத்தைக் கடப்பதை. இன்று தாவரவியலார் இதனை மண்ணிலுள்ள விதைச் சேமிப்பு என்கின்றனர். ஏரி வற்றினாலும் இச்சேமிப்பு வற்றுவதில்லை. சீனாவில் ஒரு பழைய ஏரிப்படுகையிலிருந்து எடுத்த தாமரை விதை, ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் முளைத்ததாக 1995இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். எல்லா விதையும் அவ்வாறு நிலைத்திராது. ஆனால் ஓர் ஆண்டோ பத்தாண்டோ சேற்றில் உறங்கி எழும் விதைகள் நம் ஏரிகளில் இல்லாமல் இருக்க முடியாது. ஐப்பசியில் முளைத்த கோரைகளுள் பெரும்பான்மை எங்கிருந்தோ பறந்து வந்தவை அல்ல. சென்ற ஆண்டுகளில் அதே ஏரியில் விழுந்தவை.

பறவைக் காலைப் பற்றிய நேரடிச் சான்று ஒன்றையும் டார்வின் பிற்பதிப்பில் சேர்த்தார். காலில் ஆறரை அவுன்ஸ் மண்கட்டி ஒட்டியிருந்த ஒரு கவுதாரியின் காலைப் பேராசிரியர் நியூட்டன் அவருக்கு அனுப்பினார். மூன்றாண்டுகள் வைத்திருந்த அம்மண்ணை உடைத்து நீர் விட்டபோது 82 செடிகள் முளைத்தன. சுவையான செய்திதான். ஆனால் அக்கவுதாரி அடிபட்டுப் பறக்க இயலாமல் இருந்தது. பறக்க முடிந்த பறவை இவ்வளவு மண்ணைச் சுமந்துகொண்டு பறக்குமா என்ற ஐயம் எழுகிறது. பெரும்பாலான நீர்ப்பறவைகள் கால்களை நீரில் அலசியபடியேதான் எழுகின்றன.

காலிலா, குடலிலா?

இவ்விடத்தில்தான் இன்றைய ஆராய்ச்சி டார்வினைத் திருத்துகிறது. கனியுண்ணும் பறவைகள் விதையைக் கழிக்கும் என்பதை அவர் அறிவார். தம் தோட்டத்தில் சிறு பறவைகளின் எச்சத்திலிருந்து இரண்டு மாதத்தில் 12 வகை விதைகளைப் பொறுக்கியவர் அவர். விதை தின்ற பறவையைப் பருந்து தின்று, அப்பருந்து கக்கிய உருண்டையிலிருந்து விதை முளைத்ததையும் காட்டினார். ஆயினும் நீர்ச்செடிகளுக்கு அவர் பெரிதும் நம்பியது காலில் ஒட்டும் சேற்றை.

அண்மைப் பல ஆண்டுகளாக ஐரோப்பாவில் வாத்துகளின் உடலையும் எச்சத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், வாத்துகள் வெளியே ஒட்டிச் சுமப்பதைக் காட்டிலும் குடலுக்குள் சுமப்பதே மிகுதி என்று காட்டியுள்ளனர். வாத்தின் அரைவைப்பை பெரும்பாலான விதைகளை நொறுக்கிவிடும். ஆனால் கோரை போன்றவற்றின் சிறிய கடினமான விதைகளில் ஒரு பங்கு தப்பிவிடுகிறது. இச்செடிகளுக்குச் சதைப்பற்றுள்ள கனி கிடையாது; பறவையை ஈர்க்கும் நிறம் கிடையாது. எனவே பாடநூல் பட்டியலில் இவை 'பறவையால் பரவுபவை' என்ற தலைப்பின்கீழ் வருவதில்லை. விதையின் தோற்றத்தை மட்டும் பார்த்து அதன் பயணவழியைத் தீர்மானிக்கும் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மீன்களிலும் இத்தகைய வியப்பு உண்டு. 2020ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் கெண்டை இனத்து மீன் முட்டைகளை வாத்துகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். உண்ட முட்டைகளில் ஏறத்தாழ 0.2 விழுக்காடு, எச்சத்தில் உயிருடன் வெளிவந்தது. ஆயிரத்திற்கு இரண்டு! சிறிய எண்தான். ஆனால் ஒரு மீன் இலட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. ஒரு வாத்துக் கூட்டம் நாள் முழுவதும் மேய்கிறது.

நம் ஏரி மீன்களுக்கோ எளிய வழிகளும் உள்ளன. மழைக்காலத்தில் மேல் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழிந்தால், புதுவெள்ளம் வாய்க்கால் வழியே கீழ் ஏரியில் சேரும்; மீனும் அதனுடன் செல்லும். எதிர்நீச்சலிட்டு மேலேறும் மீன்களும் உண்டு. பனையேறிக் கெண்டை ஈர நிலத்தில் செவுள் மூடிகளை ஊன்றித் தவழ்ந்தே செல்லும். 1791இல் தரங்கம்பாடியில் அது பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு 1797இல் வெளியாயிற்று. மரமேறுவதை விலங்கியலார் பலர் ஐயுறுகின்றனர். தரையில் தவழ்வதை யாரும் மறுப்பதில்லை.

அரிய விபத்தா, அன்றாடப் போக்குவரத்தா?

டார்வினின் இரண்டாம் குறை, அவர் கண் எப்போதும் தொலைவிலேயே இருந்தது. நடுக்கடல் தீவுக்கு விதை எப்படிப் போயிற்று என்பதே அவருடைய கவலை. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளில் ஒரு விதை போதும். ஆகவே விதையின் பயணத்தை அவர் அரிய விபத்தாகவே விவரிக்கிறார். நம் ஏரிகளைப் பொறுத்தவரை இது பொருந்துமா?

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியைப் பாருங்கள். சுமார் 454 எக்டேர் பரப்புள்ள இது, வடகிழக்குப் பருவமழையையும், புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் காவிரி நீரையும் நம்பிய பாசன ஏரி. அதுவே பறவைகள் சரணாலயமும் ஆகும். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அது இடம்பெற்ற செய்தி 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி முதலியவை வருகின்றன. இமயத்திற்கு அப்பாலுள்ள திபெத்து, மங்கோலிய ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பட்டைத்தலை வாத்தும் இங்கே புகழ்பெற்ற விருந்தாளி. அது இமயத்தைக் கடக்கையில் 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததும் பதிவாகியுள்ளது.

இதைக் கேட்டவுடன், மங்கோலியாவின் விதை கரைவெட்டியில் முளைக்கிறது என்று எழுதிவிட ஆசை வரும். ஆனால் வாத்தின் குடலில் விதை பெரும்பாலும் சில மணி நேரமே தங்குகிறது; ஒருசில விதைகளே ஒரு நாள், இரண்டு நாள் தாக்குப்பிடிக்கும். பறவையோ இடையில் பல ஏரிகளில் இறங்கி, மேய்ந்து, இளைப்பாறித்தான் வருகிறது. ஆகவே ஒரே விதை முழுத் தொலைவையும் ஒரே மூச்சில் கடப்பது மிக அரிது. விதை படிப்படியாக, ஏரிக்கு ஏரி, தலைமுறைக்குத் தலைமுறை நகர்வதே இயல்பு.

வந்து சேர்ந்தபின் வாத்துகள் சும்மா இருப்பதில்லை. பல இனங்கள் பகலில் பெரிய ஏரியில் ஓய்ந்து, மாலையில் சுற்றியுள்ள குட்டைகளுக்கும் வயல்களுக்கும் மேயச் சென்று, விடியலில் திரும்புகின்றன. குடலில் விதை தங்கும் நேரமும் இந்தச் சிறு பயணங்களின் நேரமும் ஒத்துப்போகின்றன. எனவே ஏரிகளுக்கிடையே விதை செல்வது விபத்து அன்று. குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் நடக்கும் போக்குவரத்து.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விபத்து என்றால் ஒரு குட்டை தூர்ந்துபோனால் பெரிய நட்டமில்லை. போக்குவரத்து என்றால், ஒரு குட்டை தூர்ந்தால் வழியில் ஒரு நிலையம் மூடப்படுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் சோழகங்கத்தை வெட்டியது பதினோராம் நூற்றாண்டில். அக்காலம் முதலே நம் முன்னோர் நீருக்காக அமைத்த ஏரித்தொடர், அவர்கள் எண்ணிப் பாராமலே செடிக்கும் நத்தைக்கும் மீனுக்கும் பறவைக்கும் வழித்தொடராக அமைந்துவிட்டது. சரணாலயத்தை மட்டும் வேலியிட்டுக் காத்து, சுற்றியுள்ள ஊர்க்குட்டைகளைக் குப்பைமேடாக்கினால், கரைவெட்டி ஒரு தீவாகிவிடும். அப்போது டார்வினின் தீவுக் கணக்கு நமக்கும் பொருந்தத் தொடங்கும்.

நிலமே நகர்ந்த கதை

மூன்றாம் குறை பெரியது. ஆனால் டார்வினை அதற்காகக் குற்றஞ்சாட்ட முடியாது. அவரும் ஃபோர்ப்ஸும் எதிரெதிர்க் கட்சிக்காரர்களாயினும் ஒரு நம்பிக்கை இருவருக்கும் பொது: நிலங்கள் எழலாம், தாழலாம், ஆனால் பக்கவாட்டில் நகரமாட்டா.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் இதனை அறிவித்தார். இதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. அன்று இவ்விடத்தைக் கடல் மூடியிருந்தது. கரையில் வளர்ந்த மரத்தை வெள்ளம் கடலுக்கு இழுத்துச் சென்று மணலிலும் சேற்றிலும் புதைத்தது என்பர் புவியியலார். மிதக்கும் மரம் விதைகளையும் ஏற்றிச் செல்லும் தெப்பம் என்று டார்வின் எழுதினார். ஐம்பது ஆண்டு வயதுடைய ஓக் மரத்தின் வேர்களுக்குள் முற்றிலும் அடைபட்டிருந்த சிறிதளவு மண்ணிலிருந்து மூன்று செடிகளை முளைக்கவைத்தும் காட்டினார். அத்தகைய கடல்மரம் ஒன்றைக் கண்ணால் காண விரும்புவோர் சாத்தனூர் செல்லலாம்.

ஆனால் அரியலூர் அருகேயுள்ள கல்லமேட்டுப் பாறைகள் தெப்பக் கதையால் மட்டும் விளங்குபவை அல்ல. 2001இல் அங்கு கிடைத்த ஆமைப் படிமத்திற்குக் கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று பெயரிட்டனர். நம் ஊர்ப்பெயரைத் தாங்கிய அந்த ஆமையின் நெருங்கிய உறவு மடகாஸ்கரில் உண்டு. மடகாஸ்கர் முதலையினம் ஒன்றை ஒத்த படிமமும் கல்லமேட்டில் கிடைத்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது. காரணம், இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. இங்கே விதையோ விலங்கோ கடலைக் கடக்கவில்லை. அவை ஏறியிருந்த நிலமே கப்பலாக நகர்ந்தது.

இத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. அதே 2013இல், அதே கல்லமேட்டிலிருந்து ட்ரூடான்டிட் என்னும் டைனோசரின் ஒற்றைப் பல் விவரிக்கப்பட்டது. அதன் உறவினம் அதுவரை அறியப்பட்டதெல்லாம் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய வடநிலங்களில் மட்டுமே. கண்டங்கள் பிரியுமுன்பே அவ்வினம் எங்கும் பரவியிருந்ததா? அல்லது நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு அது பின்னர் எவ்வழியிலோ வந்து சேர்ந்ததா? நிலம் நகர்ந்ததும் உயிர் கடந்ததும் சேர்ந்தேதான் பரவலை ஆக்குகின்றன. கல்லமேட்டின் ஒரு கைப்பிடி மண் இரு கட்சிக்கும் சான்று தருகிறது.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. அரியலூர்ப் பாறைகளை 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனத் தொகுதிகளாகப் பிரித்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அவரே 1875இல் இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்த ஒரு பழைய நிலப்பரப்பு இந்தியக் கடலில் இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். அதற்கு முன்பே, 1864இல், மடகாஸ்கரின் இலெமூர் விலங்குகளுக்கு விளக்கம் தேடிய ஸ்கிளேட்டர் 'இலெமூரியா' என்ற பெயரைப் படைத்திருந்தார். உறவு உண்மை, ஆனால் அதற்காகக் கற்பித்த மூழ்கிய கண்டம் தேவையற்றதாயிற்று. 1960களில் நிலைபெற்ற புவித்தட்டுக் கொள்கை அதே உறவை நிலநகர்வால் விளக்கிவிட்டது. சான்றைப் போற்றி, விளக்கத்தை மாற்றிக்கொள்வதே அறிவியலின் இயல்பு.

புதிய வாகனங்கள்

நான்காவது, மனிதன். டார்வின் இயற்கை வழிகளையே தேடியதால், மனிதன் கொண்டுசென்றவற்றை ஒதுக்கிவைத்தே பேசினார். இன்று அரியலூர், பெரம்பலூர்க் கிராமங்களில் அவ்வாறு ஒதுக்க இயலாது. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்த சீமைக்கருவேலின் இனிய நெற்றை ஆடும் மாடும் விரும்பி உண்கின்றன. கடினமான விதை சாணத்தோடும் புழுக்கையோடும் எருவூட்டப்பட்டே விழுகிறது. வயலுக்கு வயல் கிடை போடும் மந்தை, உழவனுக்கு உரத்தையும் கருவேலுக்கு ஊர்தியையும் ஒருங்கே தருகிறது. மெக்சிகோ, தென்னமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த நெய்வேலிக் காட்டாமணக்கு, ஒடிந்த தண்டு நீரில் மிதந்து போனாலே வேறிடத்தில் வேர்விடுகிறது.

இவற்றைவிடப் பெரிய ஊர்தி ஒன்று உண்டு. அது டிப்பர் லாரி. அரசு அனுமதியோடு ஏரிகளிலிருந்து வண்டல் அள்ளி வயலுக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம்தான், ஏரியும் ஆழமாகிறது, வயலும் வளமாகிறது. ஆனால் மூன்று கரண்டிச் சேற்றில் 537 செடிகள் இருந்ததை நினைவிற் கொள்ளுங்கள். உயிருள்ள விதைகளில் பெரும்பாலானவை சேற்றின் மேலடுக்கில் சில சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஏரி முழுவதையும் ஒரே கோடையில் சுரண்டினால், பல ஆண்டு விதைச் சேமிப்பும் லாரியில் ஏறிப் போய்விடுகிறது. அதே லாரி கருவேல் விதையையும் காட்டாமணக்குத் தண்டையும் புதிய இடங்களுக்கு இலவசமாகக் கொண்டுசெல்லவும் கூடும்.

தூர்வாருதல் கூடாது என்பது இதன் பொருளன்று. தூர்வாராத ஏரி பறவைக்கும் பயன்படாது, பாசனத்திற்கும் பயன்படாது. ஏரியைப் பகுதி பகுதியாக, ஆண்டுக்கொரு பகுதியாக வாரலாம். அல்லது மேலடுக்குச் சேற்றில் சிறிதளவைக் கரையோரம் ஒதுக்கி வைத்து, வேலை முடிந்தபின் மீண்டும் பரப்பலாம். சீர்கெட்ட ஈரநிலங்களைப் புதுப்பிக்க, நல்ல ஈரநிலத்துச் சேற்றை இடுவது வேறு நாடுகளில் கையாளப்படும் முறையே. இதற்குச் செலவு சொற்பம். தேவை, சேறு என்பது வெறும் மண்ணன்று என்ற அறிவு மட்டுமே.

தீர்ப்பு

160 ஆண்டுகளுக்கு மேலான இவ்விரு அத்தியாயங்களைப் பற்றி இறுதியாக என்ன சொல்வது? விடைகளில் ஒரு பகுதி பழுதாயிற்று. காலைக் காட்டிலும் குடல் முக்கியம், தனிப்பட்ட விபத்தைக் காட்டிலும் அன்றாடப் போக்குவரத்து முக்கியம், நிலமும் நகரும், மனிதன் எல்லா வாகனங்களையும் மிஞ்சிவிட்டான். ஆயினும் முறை பழுதாகவில்லை. ஃபோர்ப்ஸின் மூழ்கிய கண்டங்களைச் சோதித்துப் பார்க்க அன்று வழியில்லை. டார்வினின் வாத்துக்காலைச் சோதிக்க வழி இருந்தது. அதனாலேயே அதைத் திருத்தவும் முடிந்தது. திருத்தத்தக்கவாறு எழுதப்பட்டிருப்பதே ஓர் அறிவியல் நூலுக்கு உயர்ந்த பெருமை. அவரும் இறுதிவரை விடவில்லை. 1882 ஏப்ரலில், இறப்பதற்கு இரு வாரங்களுக்கு முன் வெளியான அவருடைய கட்டுரையின் பொருள் என்ன தெரியுமா? நீர்வண்டின் காலைக் கவ்விக்கொண்டு பயணம் செய்த ஒரு சிறு மட்டி!

அவர் தேடிய தீவுகள் அரியலூரில் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட குழிகளில் மழைநீர் தேங்குகிறது. பல குழிகளுக்கு வரத்து வாய்க்கால் கிடையாது. பழைய சேறு கிடையாது. தோண்டிய ஆண்டோ ஏட்டில் இருக்கும். எனவே அங்கு முளைக்கும் ஒவ்வொரு நீர்ச்செடியும் காற்றாலோ பறவையாலோ மனிதராலோ வந்ததாகத்தான் இருக்க வேண்டும். பத்தாண்டுக் குழியையும் முப்பதாண்டுக் குழியையும் ஒப்பிட்டால், உயிர்கள் வந்து சேரும் விரைவை அளந்துவிடலாம். கல்லூரிகளின் தாவரவியல் துறைகள் உரிய அனுமதியும் பாதுகாப்பும் பெற்று இதைச் செய்யலாம். குழிகள் ஆழமானவை, செங்குத்தானவை. பள்ளி மாணவர்கள் அங்கே இறங்கக் கூடாது.

பள்ளி மாணவர்களுக்கு ஊர்க்குட்டையே போதும். பெரியவர் ஒருவரின் துணையோடு கரையோரத்தில் மூன்று இடங்களிலிருந்து மூன்று கரண்டிச் சேறு எடுங்கள். அகன்ற தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, ஈரம் காயாமல் காத்து வாருங்கள். முளைப்பவற்றை வாரந்தோறும் பிடுங்கி எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தூர்வாரிய குட்டையின் சேற்றையும் வாராத குட்டையின் சேற்றையும் தனித்தனியே வைத்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு காணப்பட்டால், அந்தக் குறிப்பேட்டை உங்கள் ஊராட்சித் தலைவரிடம் காட்டுங்கள். அடுத்த கோடையில் ஏரியை எப்படி வாரவேண்டும் என்று பேசுவதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.